நான்கு முழங்கால்கள்

ஜோடி இல்லாத பெண்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். இல்லாத ஒருவனின் தோள்மேல் இடது கை. இல்லாத ஒருவனின் உள்ளங்கைக்குள் வலது கை. பெர்ம் நகரத்து ஐஸ் அரங்கில் வஸிலிஸா இரண்டு வருஷமாக அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவளுக்கு ஜோடி இருந்தான். யெகோர் என்று பெயர். சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ஆடினார்கள். பதினைந்து வயதில் ஒரே கோடையில் வஸிலிஸா மளமளவென்று வளர்ந்துவிட்டாள். யெகோர் வளரவில்லை. மாஸ்கோவில் ஒரு குட்டைப் பெண்ணுக்கு ஜோடியாக அவனைக் கேட்டார்கள். போகும்போது அழுதான். ஆனாலும் போனான். ஐஸ் நடனத்தில் பையன்களுக்கு எப்போதும் பஞ்சம். இருபது பெண்கள் இருக்கிற அரங்கில் மூன்று பையன்கள் இருந்தால் அதிகம். அந்த மூன்று பேரின் அம்மாக்களும் ராணிகள் மாதிரிதான் நடப்பார்கள்.

ஜோடி போனபிறகும் வஸிலிஸா அரங்குக்கு வருவதை நிறுத்தவில்லை. பயிற்சியாளர் நெல்லி அர்காதியெவ்னாவும் அவளைச் சும்மா விடவில்லை.

"அதான் பனைமரம் மாதிரி வளர்ந்துட்டியே. சின்னப் பிள்ளைங்களுக்கு நீயே பையனா நில்லு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து காலை வகுப்பில் வஸிலிஸாதான் பையன். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தியின் முதுகிலும் வலது கையை வைத்து, வால்ட்ஸ், தாங்கோ முதலிய ஜோடி நடனங்களில் அரங்கைச் சுற்றிக் கூட்டிப்போவாள். அடி தெரியாதவளை எந்தப் பக்கம் தள்ளினால் எங்கே போவாள் என்பது அவள் உள்ளங்கைக்கே பழகிவிட்டது.

வஸிலிஸா என்ற பெயரைச் சுருக்கினால் வாஸ்யா. வஸீலி என்ற ஆண் பெயரைச் சுருக்கினாலும் வாஸ்யாதான். பிள்ளைகளுக்கு அது போதும்.

"வாஸ்யா மாமா, இன்னிக்கு முதல்ல என்கூட!"

"போடி, மாமா நேத்தே எனக்கு வாக்குக் குடுத்தாச்சு!"

வஸிலிஸாவும் சிரிப்பாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. அரங்கில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பும் இருக்காது.

அவள் அம்மா ஸோயா ஓர் அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வருவதால் வீட்டில் அவளும் குறைவாகத்தான் பேசுவாள். வசந்தத்தில் ஒரு நாள் அடுப்பில் உருளைக்கிழங்கை வதக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஜூன்ல உனக்குப் பள்ளிக்கூடம் முடியுது. மாசக் கடைசியில செவிலியர் கல்லூரிக்கு மனு போட்டுடணும். அதுக்குள்ள ஒரு பையன் கிடைச்சான்னா சரி. இல்லேன்னா போதும் வாஸ்யா. காத்தோட ஆடி யாரும் பதக்கம் வாங்கினதில்ல."

"சரிம்மா" என்றாள் வஸிலிஸா.

அம்மா சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அதனால்தான் வலித்தது. பதக்கம் அவளுக்கு இரண்டாம்பட்சம். இந்த உயரத்தோடு ஒரு தடவையாவது ஒருவனோடு சேர்ந்து போட்டியில் இறங்கிப் பார்க்காமல் ஐஸை விட்டுப் போகவேண்டியிருக்குமோ என்றுதான் பயம்.

ஜூன் முதல் வாரத்தில் நெல்லி அர்காதியெவ்னா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஒரு பையன் வர்றான். மலைக்கு அந்தப் பக்கம், உருக்காலை ஊர்க்காரன். தனி ஆட்டக்காரனா இருந்தவன், குதிச்சுக் குதிச்சு முதுகு போச்சு. டாக்டர் இனி குதிக்கக் கூடாதுன்னுட்டார். நடனத்துக்கு மாறுறான். உன்னைவிட ஒரு சாண் உசரம்."

வஸிலிஸா ஓரடி கிட்டே வந்தாள். "நடனம் தெரியுமா அவனுக்கு?"

"எல்லா வால்ட்ஸும் தண்ணிபட்ட பாடுன்னு அவங்கம்மா ஃபோன்ல சொன்னா. அவன்கிட்ட பேசவே விடல, அவளே பேசினா. இங்க ஒரு நாள்தான். மறுநாள் கசானுக்குப் போறாங்க. அங்க ஒரு பொண்ணு காத்திருக்கா. அவ அப்பா தங்குறதுக்கு வீடே தர்றேன்னு சொல்லியிருக்காராம்."

"நம்மகிட்ட..."

"நம்மகிட்ட வீடு கிடையாது. முழங்கால்தான் இருக்கு. நல்லா மடக்கு, அது போதும்."

அவர்கள் வந்த நாளில் பாப்ளர் மரத்துப் பஞ்சு ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அரங்குக்குள்ளும் கொஞ்சம் வந்து ஐஸில் ஒட்டிக்கொண்டது. வெளியே சட்டை நனைகிற வெயில். உள்ளே நெல்லி அர்காதியெவ்னா வழக்கம்போல் கம்பளிப் பூட்ஸும் தடித்த கோட்டுமாக நின்றிருந்தாள். ஸோயா மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஒரு பெரிய கட்டம் போட்ட பை உள்ளே வந்தது. அதன் பின்னால் அலெவ்தினா பாவ்லோவ்னா. அவளுக்குப் பின்னால், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அவள் மகன் தெம்யான்; அவளுக்கு ட்யோமா. காதுகள் பெரியவை. ரயிலில் தூங்கிய கசங்கல் முகத்தில் இன்னும் இருந்தது.

"இதுதான் பொண்ணா?" அலெவ்தினா பாவ்லோவ்னா வஸிலிஸாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஒல்லியா இருக்கா. நல்லது. என் பையனுக்கு முதுகு சரியில்ல, தூக்கணும்ல. ட்யோமா, தொப்பிய எடு. நிமிர்ந்து நில்லு. வணக்கம் சொல்லு."

"வணக்கம்" என்றான் தெம்யான்.

"நேத்திலேர்ந்து ஒரு வாய் சரியா சாப்பிடல இவன். கட்லெட் கொண்டுவந்திருக்கேன், முட்டை அவிச்சிருக்கேன், கோஸ் போட்ட பொரிச்ச ரொட்டி இருக்கு. எல்லாம் அப்படியே கிடக்குது. பயமானு கேட்டா இல்லங்கிறான். உங்க பொண்ணு சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா" என்றாள் ஸோயா.

"குடுத்துவச்சவங்க."

வஸிலிஸாவும் தெம்யானும் ஐஸ் ஷூவைக் கட்டிக்கொண்டார்கள். நெல்லி அர்காதியெவ்னா அவர்களை ஐஸைச் சுற்றிய தடுப்புச் சுவரின் ஓரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, குனிந்து முழங்கால்களின் உயரத்தைப் பார்த்தாள். கையைக் கோத்துக்கொண்டு சும்மா அரங்கைச் சுற்றி வரச் சொன்னாள்.

ஜோடி சேர்க்கும்போது அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழற்றிய கையுறையை முகத்துக்கு எதிரே கிடையாகப் பிடிப்பாள். ஆடுகிறவர்களின் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியாது. மேல் பாதியைப் பார்த்தால் மனசு ஏமாந்துபோகும் என்பாள். அழகு, சிரிப்பு, கை வளைகிற விதம் எல்லாம் பொய் சொல்லும், முழங்கால் சொல்லாது. கையுறைக்குக் கீழே நான்கு முழங்கால்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அவை ஒன்றாக மடங்கி ஒன்றாக நிமிர்ந்தால் ஜோடி. இல்லையென்றால் ரயில் நிலையத்துக்கு வழி.

தெம்யானின் கை ஈரமாக இருந்தது.

"வேர்க்குது. மன்னிச்சுக்க" என்றான்.

"பரவால்ல." வஸிலிஸா தயங்கினாள். "ரெண்டு வருஷமா காத்தப் பிடிச்சிட்டிருந்தேன். காத்துக்கு வேர்க்காது."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் வளைவு வந்துவிட்டது. அவன் தன் போக்கில் வேகம் எடுத்தான். வஸிலிஸாவின் தோள் வெடுக்கென்று இழுபட்டது. நேர்க்கோட்டில் அவள் எட்டிப் பிடித்தாள். அடுத்த வளைவில் மறுபடியும் இழுத்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரிந்தது. வாழ்நாள் முழுக்கத் தனியாக ஆடியவன். பக்கத்தில் ஓர் உடம்பு இருக்கிறது என்பது வளைவு வந்தவுடன் அவனுக்கு மறந்துவிடுகிறது.

நெல்லி அர்காதியெவ்னாவின் கையுறை கீழே இறங்கியது.

"ரயில்ல வந்த களைப்பு" என்று அலெவ்தினா பாவ்லோவ்னா பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள். "வால்ட்ஸ் ஆடச் சொல்லுங்க, அப்பறம் பாருங்க!"

தெம்யானின் காதுகள் சிவந்தன. வஸிலிஸாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "இது நாலாவது ஊர். முந்தின மூணு ஊர்லயும் பொண்ணுங்க ஒரே மாதிரிதான் சொன்னாங்க. கையப் புடுங்குறேனாம்."

வஸிலிஸா தன் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவள் தோளும் அதையேதான் சொன்னது.

அதற்குள் காலை வகுப்புப் பிள்ளைகள் வந்து தடுப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். நடுவில் நின்றவள் ஸ்னெஷானா. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"மாமாவுக்கு மாப்பிள்ள பாக்குறாங்கடி!"

"ஸ்னெஷானா, உன்ன ஐஸ் துடைக்கிற வண்டிக்குக் குறுக்கால படுக்க வைக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு நெல்லி அர்காதியெவ்னா ஃபோனில் வால்ட்ஸைத் தட்டிவிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது. கையுறை மறுபடி கண்ணுக்கு ஏறியது.

தெம்யான் அவள் எதிரே வந்து நின்றான். இரண்டு கைகளையும் கொஞ்சம் தூக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல அவை நடுவிலேயே நின்றன. முன்னிசை முடியப்போகிறது. இதுதான், இந்த ஒரு சுற்றுதான், இது போனால் ஜூன் கடைசி. அந்தப் பதற்றத்தில் வஸிலிஸா யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. தினமும் காலையில் செய்வதைச் செய்தது.

அவள் வலது கை தெம்யானின் அக்குளுக்குக் கீழே போய் அவன் முதுகில் பதிந்தது. இடது கை அவன் வலது கையை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டியது. தெம்யான் தன் இடது கையைச் சாதுவாக அவள் தோளில் வைத்தான். முதல் தாளம் விழுந்தது. அவள் முன்னால் அடி எடுத்து வைத்தாள். அவன் பின்னால் போனான்.

சறுக்கல் சீராக இருந்தது. பின்னால் போவது தெம்யானுக்குச் சொந்த வீடு மாதிரி. குதிக்கிறவன் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் சறுக்குவான். அடி தெரியாவிட்டால் என்ன, உள்ளங்கை தள்ளுகிற பக்கம் போனான். திரும்பச் சொன்னால் திரும்பினான். வளைவு வந்தது. சின்னப் பிள்ளைகள் எப்போதும் தடுமாறுகிற இடம் அது. வஸிலிஸா வழக்கம்போல் அங்கே ஒரு மூச்சு நின்று, அவன் சுற்றி வரும்வரை காத்திருந்து, பிறகு கூட்டிப்போனாள். யாரும் யாரையும் இழுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையில் தனக்கு ஈடான ஒரு கனம் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

"நல்லா இருக்கு!" நெல்லி அர்காதியெவ்னாவின் குரல் அரங்கில் எதிரொலித்தது. அவள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. "அப்படித்தான்! முழங்கால்! இன்னும் மடக்கு! ஆகா!"

ஒரு சுற்று முழுதாக முடிந்தது. அப்போதுதான் பிள்ளைகள் இருக்கிற பக்கத்திலிருந்து முதல் விக்கல் சிரிப்பு கிளம்பியது.

"ஐயோ, மாமாவுக்குப் பொண்ணு கிடைச்சாச்சு!" ஸ்னெஷானா தடுப்பில் தொங்கிக்கொண்டு கத்தினாள். "எவ்ளோ பெரிய பொண்ணுடி!"

நெல்லி அர்காதியெவ்னா கையுறையைக் கீழே இறக்கினாள். மேல் பாதியைப் பார்த்தாள்.

வஸிலிஸாவும் அப்போதுதான் பார்த்தாள். தன் கை எங்கே இருக்கிறது, அவன் கை எங்கே இருக்கிறது. ஷூ அங்கேயே நின்றுவிட்டது. முகத்துக்கு ரத்தம் ஏறியது. அவன் முதுகிலிருந்து கையை எடுத்தவள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஃபோனில் வால்ட்ஸ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நெல்லி அர்காதியெவ்னா அதை அணைத்தாள்.

"நீ பையனா ஆடினது எனக்குப் புரியுது" என்றாள் வஸிலிஸாவிடம். "தினம் பண்ற வேலை. நீ ஏன்டா பொண்ணு மாதிரி பின்னால போன?"

தெம்யான் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஐஸைப் பார்த்தான்.

"எனக்கு வால்ட்ஸ் தெரியாது."

"தெரியும்!" அலெவ்தினா பாவ்லோவ்னா எழுந்துவிட்டாள். "ஏன்டா பொய் சொல்ற? ஃபோன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டியே!"

"அது பாதிதாம்மா. அதுவும் தனியா. கைய எங்க வைக்கணும்னு அந்த வீடியோவுல சரியாத் தெரியல. இவ வச்சா. அப்ப இப்படித்தான் போலன்னு நானும் வச்சேன்."

பிள்ளைகள் இதைக் கேட்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஸோயா வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வஸிலிஸாவுக்கு அங்கிருந்து தெரியவில்லை.

அலெவ்தினா பாவ்லோவ்னாவுக்கு முகம் கன்றிப்போயிற்று. ஊர் ஊராக ஃபோனில் சொன்ன பொய் இப்படிப் பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் உடையும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். அந்த வெட்கம் கோபமாக வந்தது.

"ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கோம். எம்பிள்ளையப் பொட்டப்பிள்ளையாக்கி வேடிக்கை பாக்குறீங்களா? கசான்ல எங்களுக்கு மரியாதையா காத்திட்டிருக்காங்க. ட்யோமா, ஷூவக் கழட்டு. போறோம்!"

"அலெவ்தினா பாவ்லோவ்னா, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தாள் நெல்லி அர்காதியெவ்னா.

"ஒரு நிமிஷமும் இல்ல!"

பையை இழுத்து மூடினாள். தொப்பியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும், பெரிய மூச்சு விட்டு, மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பயணத்துக்குமுன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காராமல் அவள் எந்த ஊருக்கும் கிளம்பியதில்லை. கோபமாக இருந்தாலும் அப்படித்தான். உட்காராமல் போய் ரயில் தடம்புரண்டால் யார் பொறுப்பு? அவள் உட்கார்ந்ததைப் பார்த்து ஸோயா கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். நெல்லி அர்காதியெவ்னாகூடப் பழக்கதோஷத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாட்டு வழக்கப்படி வழியனுப்புகிறவர்களும் உட்காரத்தான் வேண்டும்.

பிள்ளைகள் இன்னும் கிளுகிளுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் அலெவ்தினா பாவ்லோவ்னா கடுப்பாக. "உக்காந்திருக்கோம்ல."

அரங்கு அமைதியானது. குளிரூட்டும் இயந்திரத்தின் முனகல் மட்டும் கேட்டது.

ஐஸில் நின்ற இருவருக்கும் உட்கார இடம் இல்லை. வஸிலிஸா தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழக்கூடாது, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கல்லூரிக்கு எந்தப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப நான் பையன்" என்றது ஒரு குரல், ரொம்பத் தாழ்வாக.

நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எந்த வழியா கூட்டிட்டுப் போனியோ அதே வழியாப் போறேன்" என்றான் தெம்யான். "தப்பாப் போனா சொல்லு."

"பேசக்கூடாது. உக்காந்திருக்காங்க."

"அப்ப எப்படிச் சொல்லுவ?"

அவள் யோசித்தாள். "தோள்ல அழுத்துறேன்."

அவன் வலது கை அவள் முதுகில் வந்து பதிந்தது. அவள் கை அவன் முதுகில் எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடம் அப்படியே. ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. இடது கையை நீட்டினான். அவள் தன் வலது கையை அதற்குள் வைத்தாள். ஈரமாகத்தான் இருந்தது. அவன் தலையை ஆட்டித் தாளம் எண்ணினான். முன்னால் அடி எடுத்து வைத்தான்.

இசை இல்லை. பிளேடுகள் ஐஸைக் கிழிக்கிற சத்தம் மட்டும். முதல் நேர்க்கோடு கரடுமுரடாகப் போயிற்று. ஓர் இடத்தில் அவன் ஷூ அவள் ஷூவில் டக்கென்று இடித்தது. அவள் தோளில் அழுத்தினாள். அவன் திருத்திக்கொண்டான். வளைவு நெருங்கியது. வஸிலிஸா தோளை இறுக்கிக்கொண்டாள். இப்போது இழுப்பான், இழுத்தால் எப்படிச் சமாளிப்பது என்று உடம்பு முழுக்கத் தயாராக இருந்தது.

இழுப்பு வரவில்லை. அவன் நின்றான். சரியாக ஒரு மூச்சு. அவள் சுற்றி வருகிறவரை முழங்காலை மடக்கிக் காத்திருந்தான். அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பினான்.

"இந்த இடத்துல நீ நின்ன" என்று முணுமுணுத்தான். "நான் வர்ற வரைக்கும்."

வஸிலிஸாவின் இறுகிய தோள் இறங்கியது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. பின்னால் போனாள். எங்கே போகிறோம் என்பதை யாரோ ஒருவன் பார்த்துக்கொள்கிறான், தான் பார்க்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. மூன்றாவது வளைவில் அவன் எண்ணிக்கையைத் தவறவிட்டு அவளைத் தடுப்பின் பக்கமே கொண்டுபோனான். அவள் அழுத்தினாள். "ஐயோ" என்றான். இருவரும் தடுப்பில் இடித்து நின்றார்கள். அவள் சிரித்துவிட்டாள். சத்தம் வந்துவிட்டது. பெஞ்சைப் பார்த்தாள்.

உட்காருகிற நேரம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நெல்லி அர்காதியெவ்னாவின் கையுறை மறுபடியும் கண்ணுக்கு எதிரே ஏறியிருந்தது. அவள் அதை மெதுவாக இறக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"நாலும் ஒண்ணா மடங்குது" என்றாள் அலெவ்தினா பாவ்லோவ்னாவைப் பார்த்து. "யார் பையன், யார் பொண்ணுன்னு மாத்திப் போட்டாலும் மடங்குது. இது நான் சொல்லிக்குடுத்து வர்ற விஷயமில்ல. வால்ட்ஸ், தாங்கோ, கைய எங்க வைக்கிறது, தடுப்புல போய் முட்டாம இருக்கிறது, இதெல்லாம் சொல்லிக்குடுக்கலாம். பனிக்காலத்துக்குள்ள போட்டியில இறக்கிடுவேன். கடைசி இடம்தான் வரும். அடுத்த வருஷம் வராது."

"கடைசி இடமா?" என்றாள் அலெவ்தினா பாவ்லோவ்னா.

"முதல் வருஷம்."

அலெவ்தினா பாவ்லோவ்னா தன் மகனைப் பார்த்தாள். தெம்யான் தடுப்பில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வஸிலிஸாவின் கையை விட மறந்திருந்தான்.

"அம்மா, எனக்குப் பசிக்குது" என்றான்.

அவள் முகம் அப்படியே மாறியது. கோபம் இருந்த இடம் காலியானது. அவசரமாகப் பையைத் திறந்து டப்பாக்களை வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"மூணு மாசமாச்சுங்க, இவன் வாயத் தொறந்து பசிக்குதுன்னு சொல்லி" என்றாள் ஸோயாவிடம். குரல் உடைந்திருந்தது. "முதுகு போனதிலேர்ந்து. நான் சொன்னது பொய்தான். வேற என்ன பண்ணுவேன்? தெரியாதுன்னு சொன்னா எவளும் வரச்சொல்ல மாட்டேங்கிறாளே. எடுத்துக்குங்க. கட்லெட் ஆறிப்போச்சு. உங்க பொண்ணையும் கூப்பிடுங்க."

"கசான்?" என்றாள் ஸோயா.

"கசானா? கசான்ல வீடு இருக்கு. பசி இருக்கான்னு தெரியலயே." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இங்க இவன் எங்க தங்குவான்?"

ஸோயா கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். வஸிலிஸா தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டு சமையலறையில ஒரு சோஃபா இருக்கு" என்றாள் ஸோயா. "கால் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். கால்மாட்டுல ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம். விடியக்காலம் ஆறு மணிக்கு நான் டீ போட வருவேன், அப்ப எழுந்துக்கணும்."

"எழுந்துக்குவான்! எழுந்துக்கலேன்னா மூஞ்சில தண்ணிய ஊத்துங்க!"

வஸிலிஸா ஐஸிலிருந்து இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷூக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டே போயிற்று. அம்மா குனிந்து, கட்லெட் எண்ணெயைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ஐந்து வயதில் அவிழ்த்துக் கொடுத்ததுதான் கடைசி.

"அம்மா, கல்லூரி..."

"கல்லூரி எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல சாப்பிடு."

ஸ்னெஷானா வந்து எதிரே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் உம்மென்று இருந்தது.

"அப்ப நாளைக்கு எங்களுக்கு யாரு பையன்?"

"வாஸ்யா மாமாதான்" என்றான் தெம்யான், வாய் நிறைய ரொட்டியோடு. "நானும் வரிசையில நிக்கிறேன். உனக்கு அடுத்து."

ஸ்னெஷானா அவனை அண்ணாந்து பார்த்து அளந்தாள். "நீ எனக்குப் பின்னாலதான் நிக்கணும். முன்னால நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரிங்க அக்கா."

நால்வரும் டிராமில் வீட்டுக்குப் போனார்கள். திறந்த ஜன்னல் வழியாகப் பஞ்சு உள்ளே வந்தது. உட்கார மூன்று இடம்தான் கிடைத்தது. தெம்யான் கட்டம் போட்ட பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றான். அலெவ்தினா பாவ்லோவ்னா அவன் முதுகுக்கு எந்தத் தைலம் தேய்க்கவேண்டும், எந்தப் பக்கம் படுக்கவைக்கக் கூடாது என்று ஸோயாவுக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த வஸிலிஸாவுக்கு இரண்டாவது நிறுத்தத்திலேயே கண் சொருகியது. தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

இறங்க வேண்டிய இடம் வந்தது. கதவு திறந்தது. ஸோயா அசையவில்லை.

"கடைக்குப் பக்கத்துல இறங்கணும்னு சொன்னீங்களே?" என்றாள் அலெவ்தினா பாவ்லோவ்னா ஜன்னலைப் பார்த்து. "அது கடைதான?"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் ஸோயா. "அடுத்ததுல இறங்கிக்கலாம்."

கதவு மூடியது. டிராம் கிளம்பியது.